திருட்டு கார்டில் வந்த ஆர்டரைக் கண்டுபிடிப்பது, நிறுத்துவது, நஷ்டத்தைக் குறைப்பது: இணையக் கடைக்காரர்களுக்கு

திரையில் 'பணம் செலுத்தப்பட்டது' என்று வந்ததும் பெட்டியைக் கட்டி அனுப்பிவிடுகிறோம். ஆனால் அந்த வரி சொல்வது மிகக் கொஞ்சம்தான்: இந்த எண்ணில் ஒரு கார்டு இருக்கிறது, அது முடக்கப்படவில்லை, இவ்வளவு தொகைக்கு அதில் வரம்பு இருக்கிறது. எண்ணைத் தட்டியவர் அந்தக் கார்டுக்கு உரியவர்தானா என்பதற்கு அதில் பதில் இல்லை. கூடுதல் சரிபார்ப்பு இல்லாமல் இணையத்தில் நடக்கும் விற்பனையில், கார்டின் சொந்தக்காரர் 'இதை நான் வாங்கவில்லை' என்று வங்கியிடம் சொன்னால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் திரும்ப எடுக்கப்படும். சரக்கு போனது போனதுதான். இப்படி வங்கி பணத்தைத் திரும்ப எடுப்பதுதான் சார்ஜ்பேக்; அதற்கான கட்டணம் வேறு. விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இந்தப் புகாருக்கான அவகாசம் பொதுவாக 120 நாள் வரை. ஆகவே இன்று அனுப்பிய பெட்டிக்கான அடி நான்கு மாதம் கழித்தும் விழலாம்.

அப்ரூவல், அதாவது வங்கியின் ஒப்புதல், வந்ததற்கும் கூரியர்காரர் பெட்டியை எடுத்துப் போவதற்கும் நடுவே உள்ள நேரம் மட்டும்தான் முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. கீழே சொல்லும் வேலைகளில் பாதிக்கு மேல் அந்த நேரத்துக்குள் செய்ய வேண்டியவை.

எண் எந்த வழியில் திருடப்பட்டது?

இதைத் தெரிந்துகொள்வது வெறும் பொது அறிவுக்காக அல்ல. திருட்டின் வழியைப் பொறுத்து திருடனிடம் இருக்கும் விவரங்கள் மாறும். அதைப் பொறுத்து உங்கள் தடுப்பு பலிக்கும் அல்லது பலிக்காது.

பழைய தரவுத்தளம் ஒன்றிலிருந்து கசிந்த எண்களோடு பெரும்பாலும் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும், சிவிவி, அதாவது கார்டில் அச்சிட்ட குறுகிய ரகசிய எண், இருக்காது. அப்ரூவல் முடிந்தபின் சிவிவியைச் சேமித்து வைக்கக் கூடாது என்பது கார்டுத் தரவுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் பாதுகாப்பு விதி. அதனால் சிவிவி கேட்கும் கடையில் இந்த எண்கள் அவ்வளவாகச் செல்லாது.

ஒரு கடையின் பணம் செலுத்தும் பக்கத்தில் கள்ள ஸ்கிரிப்டை நுழைத்துத் திருடிய எண்கள் வேறு ரகம். வாடிக்கையாளர் தட்டியது அத்தனையும் அப்படியே திருடனுக்குப் போயிருக்கும்: எண், தேதி, சிவிவி, வீட்டு முகவரி, கைபேசி எண். இந்த எண்ணோடு வரும் ஆர்டரில் எல்லாமே பொருந்தும். எல்லாம் பொருந்துகிறதே என்று நம்பி அனுப்பி ஏமாறுவது இங்கேதான். ஏமாற்று இணைப்பு அனுப்பி விவரம் வாங்குபவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஓடிபியையும் அந்த நிமிடமே கேட்டு வாங்கிவிடுகிறார்கள்.

மூன்றாவது வழி, திருடவே தேவையில்லாதது: எண்ணை உருவாக்குவது. பதினாறு இலக்கக் கார்டில் முதல் 6 அல்லது 8 இலக்கம் எந்த வங்கி, எந்த வகைக் கார்டு என்பதைக் காட்டும். கடைசி இலக்கம் லூன் சூத்திரப்படி கணக்கிட்ட சரிபார்ப்பு எண். 8 இலக்க முன்னொட்டு தெரிந்துவிட்டால் நடுவில் மீதம் 7 இலக்கம்தான், அதாவது 1 கோடி வாய்ப்பு. சிவிவி மூன்று இலக்கம் என்றால் ஆயிரம் வாய்ப்பு. மனிதருக்கு இது பெரிய எண்ணிக்கை. நிரலுக்கு இது ஓர் இரவு வேலை, யாராவது ஒரு கடை தன் பக்கத்தில் முயன்று பார்க்க இடம் கொடுத்தால்.

உங்கள் கடையில் கார்டுகளைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்றால்

கார்டு சோதனை என்பது பொருள் வாங்குவதற்காக நடப்பதல்ல. கையில் உள்ள ஆயிரக்கணக்கான எண்களில் எது உயிரோடு இருக்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். நன்கொடைப் பக்கங்கள், மிகக் குறைந்த விலையுள்ள டிஜிட்டல் பொருள்கள், 'கார்டைச் சேமித்து வை' என்ற வசதி ஆகியவற்றைத் தேடி வருவார்கள். சிறு தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் கேட்வே, அதாவது உங்கள் கடைக்காகக் கார்டுப் பணத்தை வசூலித்துத் தரும் நிறுவனம், உங்களிடம் கட்டணம் வாங்கக்கூடும். வெற்றி பெற்ற ஒவ்வொன்றும் பின்னால் சார்ஜ்பேக்காகத் திரும்பி வரும். அதைவிட மோசமானது, உங்கள் கடையின் எண்ணிலிருந்து குப்பை முயற்சிகள் குவிவதைப் பார்க்கும் வங்கிகள் உங்கள் நல்ல வாடிக்கையாளர்களின் கார்டுகளையும் மறுக்கத் தொடங்கும். தாக்குதல் நின்று பல நாள் கழித்தும் விற்பனை படுத்துக் கிடப்பதற்கு இதுதான் காரணம்.

கேட்வேயின் மறுப்புப் பட்டியலைத் திறந்து மறுப்புக் குறியீடுகளைப் பாருங்கள். சாதாரண நாளில் அதிகம் தெரிவது 51, அதாவது போதிய பணமில்லை; அல்லது 05, வங்கி காரணம் சொல்லாமல் மறுத்தது. திடீரென்று 14, அதாவது இப்படி ஒரு எண்ணே இல்லை என்பது, குவிந்தால் எண்களை உருவாக்கித் தட்டுகிறார்கள். 54, கார்டு காலாவதியானது அல்லது தேதி பொருந்தவில்லை என்பதும், விசாவில் என்7 என்று வரும் சிவிவி தவறு என்பதும் ஒரே எண்ணுக்குத் திரும்பத் திரும்ப வந்தால் தேதியையும் சிவிவியையும் ஊகித்துப் பார்க்கிறார்கள். 41, 43 என்பவை தொலைந்த, திருடுபோன கார்டுகள். இவை கொத்தாக வந்தால் யாரோ விலைக்கு வாங்கிய பழைய பட்டியலை ஓட்டுகிறார்கள்.

கண்டுபிடித்த முதல் ஒரு மணி நேரத்தில் இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. தாக்கப்படும் பக்கத்தை மட்டும் தற்காலிகமாக மூடுங்கள், அல்லது 3டி செக்யூர் (வாங்குபவரை அவருடைய வங்கியே ஓடிபி போன்றவற்றால் சரிபார்க்கும் முறை) கட்டாயம் என்று மாற்றுங்கள். பெரும்பாலான கேட்வேக்களில் இது ஒரே அமைப்பு மாற்றம்தான்.

2. பணம் செலுத்தும் பொத்தானில், தட்டுவது மனிதரா நிரலா என்று சோதிக்கும் கேப்ட்சா வையுங்கள். உள்நுழையும் பக்கத்தில் மட்டும் வைத்தால் பயனில்லை, சோதனை செய்பவர்கள் அந்தப் பக்கம் வருவதே இல்லை. பலர் உங்கள் இணையப் பக்கத்தையே திறக்காமல், நிரல்கள் சர்வரோடு பேசும் வழியான ஏபிஐக்கு நேராகக் கோரிக்கை அனுப்புவார்கள். அதனால் கேப்ட்சா விடையை சர்வரில் சரிபார்க்க வேண்டும். கூடையில் பொருள் இல்லாத கோரிக்கை எதையும் கேட்வேவரை போகவிடக் கூடாது.

3. முயற்சிகளுக்கு வரம்பு போடுங்கள். ஒரே அமர்வில் மூன்று தோல்வி என்றால் பத்து நிமிடம் நிறுத்தம் என்பது நல்ல தொடக்கம். ஐபி முகவரியை மட்டும் எண்ணினால் போதாது, அவர்கள் ஒவ்வொரு முயற்சிக்கும் ஐபியை மாற்றுவார்கள். சாதனம், மின்னஞ்சல், கார்டின் முதல் 8 இலக்கம் ஆகியவற்றையும் தனித்தனியாக எண்ணுங்கள். எண்களை உருவாக்கித் தட்டுபவர்களிடம் ஐபி மாறும், பெயர் மாறும். முன்னொட்டு மட்டும் பெரும்பாலும் மாறாது.

4. மறுப்புக்கான காரணத்தைத் திரையில் காட்டாதீர்கள். 'சிவிவி தவறு' என்று நீங்கள் சொன்னால், எண்ணும் தேதியும் சரி என்று திருடனுக்குச் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். எல்லா மறுப்புக்கும் 'பணம் செலுத்த முடியவில்லை, விவரங்களைச் சரிபார்க்கவும் அல்லது வேறு வழியில் செலுத்தவும்' என்ற ஒரே வாசகம் போதும். ஏபிஐ அனுப்பும் பதிலிலும் விவரமான குறியீடு போகிறதா என்று பாருங்கள். திரையை மறைத்துவிட்டுப் பதிலில் திறந்து வைத்திருக்கும் கடைகள் நிறைய.

5. சோதனையில் வெற்றி பெற்ற பரிவர்த்தனைகளை உடனே ரத்து செய்யுங்கள் அல்லது திருப்பிக் கொடுங்கள். பணத்தை வைத்துக்கொண்டால் அத்தனையும் சார்ஜ்பேக் எண்ணிக்கையில் சேரும்.

6. கேட்வேயின் ஆதரவுக் குழுவுக்கு நேரம், தொகை, முன்னொட்டு விவரங்களோடு எழுதுங்கள். அவர்கள் பக்கத்திலும் தடுப்பு போட முடியும். அந்தக் கார்டுகளின் வங்கிகளுக்கும் தகவல் போகும். அதனால் முகம் தெரியாத பலரின் பணம் தப்பும்.

குறைந்தபட்சத் தொகையை உயர்த்துவது, ஒரு நாட்டையே தடுத்துவிடுவது என்று சிலர் தொடங்குவார்கள். முதலாவது கொஞ்சம் உதவும். இரண்டாவது பெரும்பாலும் நல்ல வாடிக்கையாளர்களைத்தான் தடுக்கும், ஐபியை வாடகைக்கு எடுப்பவருக்கு நாடு ஒரு தடையே அல்ல.

ஒற்றை ஆர்டரைப் படிப்பது

தனியாக எந்த அறிகுறியும் குற்றத்துக்குச் சான்று ஆகாது. பில் முகவரியும் டெலிவரி முகவரியும் வேறு என்பது பரிசு வாங்குபவர்கள் எல்லாரும் செய்வது. விபிஎன் வழியாக வருவது இப்போது சாதாரணம். எழுத்துப்பிழை, பழக்கமில்லாத பெயர், வெளிநாட்டு முகவரி ஆகியவற்றை வைத்து ஆளைச் சந்தேகிப்பது தவறு, நியாயமும் இல்லை, கண்டுபிடிப்பதற்கும் உதவாது. பார்க்க வேண்டியது விவரங்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா என்பதை.

ஒரு ஆர்டரை அருகில் வைத்துப் பார்ப்போம். கணக்கு தொடங்கி நான்கு நிமிடம் ஆகிறது. தேடல் எதுவும் இல்லை. நேராகப் பொருளின் பக்கம், நேராகக் கூடை. எளிதில் மறுவிற்பனை ஆகும் பொருள், ஒரே மாதிரியில் நான்கு. விலை அதிகமான விரைவு டெலிவரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். இதுவரை பார்த்தால் அவசரத்தில் இருக்கும் நல்ல வாடிக்கையாளராகவும் இருக்கலாம். இப்போது கேட்வே பதிவைத் திறக்கிறோம். இதே அமர்வில் மூன்று கார்டுகள் முயலப்பட்டிருக்கின்றன. முதல் இரண்டும் சிவிவி தவறு என்று மறுக்கப்பட்டவை. மூன்றாவது ஏற்கப்பட்டது. முன்னொட்டைப் பார்த்தால் மூன்றும் மூன்று நாட்டு வங்கிகள். மூன்றிலும் பெயர் ஒன்றுதான். ஒருவரிடம் இரண்டு கார்டு இருக்கும், ஒன்றில் வரம்பு முடிந்து அடுத்ததை எடுப்பார், அது இயல்பு. ஆனால் அப்போது வரும் மறுப்பு பெரும்பாலும் 51 ஆக இருக்கும். தன் கையில் இருக்கும் கார்டின் சிவிவியை இரண்டு கார்டிலும் அடுத்தடுத்து ஒருவர் தவறாகத் தட்டுவது அபூர்வம். இந்த ஆர்டர் போகக் கூடாது.

மறுக்கப்பட்ட முயற்சிகளைப் பார்க்காமல் ஏற்கப்பட்டதை மட்டும் பார்ப்பதுதான் இதில் அடிக்கடி நடக்கும் குறை. கடையின் ஆர்டர் பட்டியலில் மறுப்புகள் பெரும்பாலும் தெரியாது. கேட்வேயின் பக்கத்துக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். அந்த ஒரு பழக்கமே பெரிய பாதுகாப்பு.

வாங்குபவர் தந்த பில் முகவரியை வங்கியிடம் உள்ளதோடு ஒப்பிடும் முகவரிச் சரிபார்ப்பின் முடிவைப் படிக்கும்போது கவனம் தேவை. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் கார்டுகளில்தான் இது முக்கியமாக வேலை செய்கிறது. ஒப்பிடுவதும் முகவரியில் உள்ள எண்களையும் அஞ்சல் குறியீட்டையும்தான், தெருப் பெயரை அல்ல. மற்ற நாட்டுக் கார்டுகளுக்கு 'கிடைக்கவில்லை' என்று வரும். அது 'பொருந்தவில்லை' என்பதல்ல. இரண்டையும் ஒன்றாக வைத்து விதி எழுதினால் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் எல்லாரும் வெளியே நிற்பார்கள்.

முக்கோண மோசடி என்று ஒன்று இருக்கிறது, அதை வேறு விதமாகத்தான் பிடிக்க முடியும். திருடன் ஒரு சந்தைத் தளத்தில் உங்கள் பொருளையே மலிவு விலைக்கு விளம்பரம் செய்கிறான். அப்பாவி ஒருவர் அங்கே அவனுக்குப் பணம் கட்டுகிறார். திருடன் அந்த அப்பாவியின் பெயர், முகவரியைப் போட்டு உங்கள் கடையில் திருட்டு கார்டால் வாங்குகிறான். பொருளைப் பெறுபவர் உண்மையான மனிதர், உண்மையான வீடு, தொலைபேசியில் அழைத்தால் 'ஆமாம், நான்தான் வாங்கினேன்' என்பார். தனி ஆர்டராகப் பார்த்தால் எதுவும் தெரியாது. ஒரே பொருள், வெவ்வேறு ஊர் முகவரிகள், ஆனால் ஒரே சாதனம் அல்லது ஒரே பாணி மின்னஞ்சல் என்று கொத்தாகப் பார்த்தால் தெரியும். பெறுபவரிடம் 'எந்தத் தளத்தில் வாங்கினீர்கள்?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அவரிடம் கடுமையாகப் பேச வேண்டாம், அவரும் ஏமாந்தவர்தான்.

சந்தேகம் வந்தபின்

உங்கள் கேட்வே அனுமதித்தால் அப்ரூவலையும் பணம் எடுப்பதையும் இரண்டு படிகளாகப் பிரித்து வையுங்கள். முதல் படியில் தொகை வாடிக்கையாளரின் வரம்பில் ஒதுக்கி நிறுத்தப்படும்; அனுப்பும்போது எடுத்துக்கொள்ளலாம். எடுக்காமல் விடுவித்துவிட்டால் பரிவர்த்தனையே முடிவடையாததால் சார்ஜ்பேக்குக்கு வழியில்லை. இந்த ஒதுக்கீடு எத்தனை நாள் நிற்கும் என்பது கார்டு வகைக்கும் கேட்வேக்கும் ஏற்ப மாறும், பல இடங்களில் ஒரு வார அளவு. கெடுவை முன்கூட்டியே பார்த்து எழுதி வையுங்கள்.

வாடிக்கையாளரைச் சரிபார்க்க நாங்கள் முதலில் பரிந்துரைப்பது: ஒதுக்கிய தொகையை விடுவித்துவிட்டு, 3டி செக்யூர் கட்டாயமாக்கிய கட்டண இணைப்பை அனுப்பி மறுபடி செலுத்தச் சொல்லுங்கள். நல்ல வாடிக்கையாளர் ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார். திருடன் பெரும்பாலும் காணாமல் போவான். இன்னொரு வழி, பழைய வாடிக்கையாளராக இருந்தால் முந்தைய ஆர்டர்களில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு அழைப்பது. இந்த ஆர்டரில் புதிதாகத் தந்த எண்ணுக்கு அழைத்தால் திருடனே எடுத்து அழகாகப் பேசுவான். பெரிய தொகை என்றால் உங்கள் கணக்கு உள்ள வங்கி அல்லது கேட்வே வழியாக, கார்டு தந்த வங்கியிடம் சரிபார்க்கக் கேட்கலாம்.

கார்டின் புகைப்படத்தையோ அடையாள அட்டையின் படத்தையோ மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லாதீர்கள். போலிப் படம் செய்வது எளிது, அதனால் சரிபார்ப்பாக அது தேறாது. மறுபுறம், நல்ல வாடிக்கையாளர்களின் கார்டுப் படங்கள் உங்கள் அஞ்சல் பெட்டியில் சேர்ந்துகொண்டே போகும். அந்தப் பெட்டியை ஒருவன் திறந்தால் அடுத்த திருட்டுக்கு ஊற்று உங்கள் கடைதான்.

ரத்து செய்தால் செய்தி சுருக்கமாக இருக்கட்டும்: 'இந்த ஆர்டரை நிறைவேற்ற முடியவில்லை, தொகை எடுக்கப்படவில்லை.' குற்றம் சாட்ட வேண்டாம். எதை வைத்துப் பிடித்தீர்கள் என்று சொல்லவும் வேண்டாம், அடுத்த முறை அதைத் திருத்திக்கொண்டு வருவான்.

பணம் செலுத்தியபின் டெலிவரி முகவரியை மாற்றக் கேட்டால் மறுத்துவிட்டுப் புதிய ஆர்டர் போடச் சொல்லுங்கள். சரிபார்ப்பு அத்தனையும் பழைய முகவரிக்குத்தான் நடந்தது. கூரியர் நிறுவனத்தின் தளத்தில் பெறுபவரே முகவரியை மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால், விலை உயர்ந்த பெட்டிகளுக்கு அதை முடக்கி வைக்க முடியுமா என்று கேளுங்கள். பெட்டி ஏற்கெனவே கிளம்பியிருந்தால் உடனே கூரியருக்குத் தகவல் தந்து அனுப்புநருக்கே திருப்பச் சொல்லுங்கள். வழியில் நிறுத்துவதற்கான கட்டணம் சரக்கின் விலையோடு ஒப்பிட்டால் சிறியது.

பணத்தைத் திருப்பிக் கொடுப்பது எப்போதும் அதே கார்டுக்கு மட்டும்தான். 'தவறுதலாக அதிகம் கட்டிவிட்டேன், மீதியை வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள்' என்று வந்தால் அது கார்டு எண்ணைப் பணமாக மாற்றும் வேலை. அனுப்பினால் இரண்டு முறை இழப்பீர்கள்: அனுப்பிய தொகை ஒன்று, பின்னால் வரும் சார்ஜ்பேக் ஒன்று.

3டி செக்யூர் எதைக் காக்கும், எதைக் காக்காது

வாடிக்கையாளரை அவருடைய வங்கியே ஓடிபி அல்லது செயலி வழியாகச் சரிபார்க்கும் முறை இது. சரிபார்ப்பு முடிந்தால், 'நான் வாங்கவில்லை' என்ற வகைப் புகாரின் நஷ்டம் பொதுவாகக் கடையிடமிருந்து கார்டு தந்த வங்கிக்கு மாறுகிறது. மாறியதா என்பதை, சரிபார்ப்பின் முடிவாகக் கேட்வே பதிவில் வரும் இசிஐ என்ற எண்ணில் பாருங்கள். விசாவில் 05 என்றால் சரிபார்க்கப்பட்டது, 06 என்றால் நீங்கள் முயன்றீர்கள், வங்கிப் பக்கம் முடியவில்லை, 07 என்றால் பாதுகாப்பு இல்லை. மாஸ்டர்கார்டில் அதே வரிசையில் 02, 01, 00. ஆர்டர் பட்டியலில் இந்த எண்ணைக் காட்டும்படி வைத்துக்கொண்டால் எந்தப் பெட்டியைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்பது ஒரே பார்வையில் தெரியும்.

ஓடிபி திரை வரவே இல்லை என்றாலும் பயப்பட வேண்டாம். புதிய பதிப்பில் சாதனம், முகவரி, பழக்கம் ஆகியவற்றைப் பார்த்து வங்கி தானே பின்னணியில் ஒப்புதல் தரலாம், அதற்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் விற்பனை தடைபடக் கூடாது என்று நீங்களே விலக்கு கேட்டு வாங்கினால் பொறுப்பு உங்களிடமே தங்கிவிடும். பொருள் வந்து சேரவில்லை, உடைந்து வந்தது போன்ற புகார்களுக்கு 3டி செக்யூர் எந்த வகையிலும் உதவாது.

கார்டின் சொந்தக்காரர் உங்களையே அழைத்தால்

'உங்கள் கடையிலிருந்து என் கார்டில் பணம் போயிருக்கிறது, நான் வாங்கவே இல்லை' என்று வரும் அழைப்பைத் தட்டிக்கழிக்காதீர்கள். அவர் பதற்றத்தில் இருப்பார். அவர் வங்கிக்குப் போகும் முன் உங்களிடம் வந்திருப்பது உங்களுக்கும் நல்லது. கேட்க வேண்டியவை மூன்றுதான்: கார்டின் கடைசி நான்கு இலக்கம், தேதி, தொகை. முழு எண்ணைக் கேட்காதீர்கள், அவராகச் சொல்லத் தொடங்கினாலும் நிறுத்துங்கள். பதிவில் ஆர்டர் இருந்தால் அனுப்பாததை நிறுத்துங்கள், அனுப்பியதைத் திருப்பச் சொல்லுங்கள், தொகையை அதே கார்டுக்குத் திருப்புங்கள். கார்டை முடக்கிப் புதிய எண் வாங்கும்படி அவரிடம் சொல்லுங்கள். உங்கள் கடையில் பணம் திரும்பினாலும் அந்த எண் வெளியில்தான் இருக்கிறது. பெறுநரின் முகவரி போன்ற விவரங்களை அவரிடம் தராதீர்கள். காவல்துறை அல்லது வங்கி முறைப்படி கேட்டால் தரத் தயாராக எடுத்து வையுங்கள்.

திருப்பும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: அவர் ஏற்கெனவே வங்கியில் புகார் கொடுத்து சார்ஜ்பேக் வந்துவிட்டதா? வந்துவிட்டது என்றால் தனியாக ரீஃபண்ட் செய்யாதீர்கள், அதே தொகை இரண்டு முறை போகும். மீட்பது பெரும்பாடு.

சில கேட்வேக்கள் சார்ஜ்பேக்குக்கு முன்பே மோசடி எச்சரிக்கை அனுப்பும். கார்டு தந்த வங்கி, கார்டு நிறுவனத்துக்கு அனுப்பும் மோசடி அறிக்கை அது. அந்த நிலையில் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் சார்ஜ்பேக்கும் அதன் கட்டணமும் தவிரும். அறிக்கை மட்டும் உங்கள் கணக்கில் பதிவாகவே இருக்கும்.

சார்ஜ்பேக் வந்துவிட்டது: போராடலாமா?

காரணக் குறியீட்டைப் பாருங்கள். விசாவில் 10.4, மாஸ்டர்கார்டில் 4837 என்றால் 'கார்டுதாரர் அனுமதிக்கவில்லை' என்ற புகார். 3டி செக்யூர் இல்லை, ஆர்டரைத் திரும்பப் படித்தால் உண்மையிலேயே திருட்டு என்று தெரிகிறது என்றால் ஒப்புக்கொண்டு விடுங்கள். 'பொருள் டெலிவரி ஆகிவிட்டது' என்ற கூரியர் ரசீதை மட்டும் வைத்து இதை எதிர்ப்பவர்கள் அதிகம், தோற்பவர்களும் அவர்களே. திருடனுக்குப் பொருள் போய்ச் சேர்ந்தது என்றுதான் அந்த ரசீது நிரூபிக்கிறது. விசாவில் 13.1, பொருள் வரவில்லை என்ற புகாருக்குத்தான் அந்த ரசீது உதவும்.

உண்மையான வாடிக்கையாளரே வாங்கிவிட்டு இல்லை என்று சொல்கிறார் என்றால் போராடுங்கள். வேண்டுமென்றே சொல்பவர்களும் உண்டு. கார்டு அறிக்கையில் வரும் கடைப் பெயர் புரியாமல், வீட்டில் வேறொருவர் வாங்கியது தெரியாமல் சொல்பவர்களும் உண்டு. 10.4 புகார்களுக்கு விசா 2023 ஏப்ரலில் கொண்டுவந்த விதி இங்கே பெரிய ஆயுதம். அதே கார்டில், புகாருக்கு 120 முதல் 365 நாள் முன்னால், மோசடி என்று யாரும் சொல்லாத இரண்டு பழைய வாங்கல்களைக் காட்ட வேண்டும். அவற்றுக்கும் இப்போதைய வாங்கலுக்கும் குறைந்தது இரண்டு விவரம் பொருந்த வேண்டும்: ஐபி முகவரி, சாதன அடையாளம், கணக்குப் பெயர், டெலிவரி முகவரி இவற்றில் இரண்டு, அதில் ஒன்று ஐபியாகவோ சாதனமாகவோ இருந்தே ஆக வேண்டும். இந்த விவரங்களை 120 நாளுக்கு மேல் சேமிக்காத கடை இந்த வழியைப் பயன்படுத்தவே முடியாது; 365 நாளும் வைத்திருந்தால்தான் முழுப் பலன். ஐபியை 30 நாளில் அழிக்கும் அமைப்பு பல கடை மென்பொருள்களில் இயல்பாகவே இருக்கலாம். இன்றே பார்த்துவிடுங்கள், உங்கள் நாட்டின் தனியுரிமைச் சட்டம் எவ்வளவு காலம் வைத்திருக்க விடுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆவணங்களை ஒரே பிடிஎஃப்பாக, முதல் பக்கத்தில் அரைப் பக்கச் சுருக்கத்தோடு கொடுங்கள். படிப்பவர் ஒரு நாளில் பல வழக்குகளைப் பார்க்கும் வங்கி ஊழியர். நாற்பது பக்க மின்னஞ்சல் உரையாடலைத் தோண்ட மாட்டார். கெடுவில் ஒரு நாள் தாண்டினாலும் தோல்விதான். கார்டு நிறுவனம் தரும் அவகாசத்தில் ஒரு பகுதியைக் கேட்வே தனக்கு எடுத்துக்கொள்ளும் என்பதால் உங்களுக்குத் தரும் கெடுவை மட்டும் நம்புங்கள்.

எண்ணிக்கை ஏறாமல் பார்ப்பதும் முக்கியம். மாஸ்டர்கார்டின் கண்காணிப்புத் திட்டத்தில், ஒரு மாதத்தில் 100 சார்ஜ்பேக், அதோடு முந்தைய மாதப் பரிவர்த்தனை எண்ணிக்கையில் 1.5 சதவீதம் என்ற இரண்டையும் எட்டும் கடை சிக்கலுக்குள் வருகிறது. கேட்வேக்கள் அதற்கு வெகு முன்பே கணக்கை நிறுத்தி வைப்பதும் உண்டு. அதைக் குறைக்க மிக எளிய வேலை: கார்டு அறிக்கையில் வரும் பெயர் கடையின் பெயராகவே இருக்கட்டும். பதிவுசெய்த நிறுவனத்தின் பெயர் அங்கே வந்தால், வாங்கியவரே 'இது யார்?' என்று புகார் கொடுத்துவிடுவார்.

எண்கள் உங்கள் கடையிலிருந்தே திருடப்பட்டிருந்தால்

கேட்வேயோ வங்கியோ 'மோசடிக்கு உள்ளான கார்டுகள் பலவும் உங்கள் கடையில் பயன்பட்டவை' என்று எழுதினால் மறுத்து வாதாடுவதில் நேரம் போக்காதீர்கள். முதல் வேலை, சொந்தக் கட்டணப் பக்கத்தை நிறுத்திவிட்டு, கேட்வேயின் தளத்திலேயே கார்டு விவரம் தட்டும் பக்கத்துக்கு மாறுவது. இரண்டாவது வேலை, எதையும் அழிக்காமல் இருப்பது. சர்வரைத் துடைத்துப் புதிதாக நிறுவினால் நுழைந்த வழியும் போய்விடும், எந்தெந்தக் கார்டுகள், எந்தத் தேதியிலிருந்து என்ற விவரமும் போய்விடும். பிறகு எல்லா வாடிக்கையாளரையும் பாதிக்கப்பட்டவராகவே கணக்கிட வேண்டி வரும். சர்வரின் முழு நகலையும் பதிவுகளையும் தனியாக எடுத்து வையுங்கள். நிர்வாகக் கணக்குகளின் கடவுச்சொற்களை வேறு கணினியிலிருந்து மாற்றுங்கள். கேட்வேக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அங்கீகரிக்கப்பட்ட தடயவியல் நிறுவனம் தேவையா என்று அவர்கள் சொல்வார்கள். வாடிக்கையாளர்களுக்கும் அரசு அமைப்புக்கும் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், வழக்கறிஞரிடம் அன்றே கேளுங்கள்.

கள்ளத்தனம் எவ்வளவு சிறிதாக இருக்கும் என்பதற்கு 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் நடந்ததைச் சொல்லலாம். பக்கத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பின் அடியில் 22 வரி சேர்க்கப்பட்டிருந்தது. செலுத்து பொத்தானை அழுத்தியதும் படிவத்தில் இருந்தது அத்தனையும் விமான நிறுவனத்தின் பெயரை ஒத்த வேறொரு தளத்துக்குப் போனது. வாங்கியவருக்கு டிக்கெட் வழக்கம்போல் வந்தது, அதனால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2020இல் 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தது.

பிசிஐ டிஎஸ்எஸ் 4ஆம் பதிப்பில் 6.4.3, 11.6.1 என்ற இரண்டு விதிகள் இதற்காகவே சேர்க்கப்பட்டு 2025 மார்ச் 31 முதல் கட்டாயமாகின. கட்டணப் பக்கத்தில் ஓடும் ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் பட்டியல் வேண்டும், அது ஏன் அங்கே இருக்கிறது என்ற காரணம் வேண்டும், மாறினால் எச்சரிக்கை வர வேண்டும். நடைமுறையில் முதல் படி: உங்கள் கட்டணப் பக்கத்தை உலாவியில் திறந்து, டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைப் பாருங்கள். எந்தெந்த முகவரிகளுக்குக் கோரிக்கை போகிறது என்று எழுதுங்கள். விளம்பரக் கணக்கெடுப்பு, அரட்டைப் பெட்டி, எப்போதோ ஒருவர் சேர்த்துவிட்டுப் போன எழுத்துரு என்று நீள்கிற பட்டியலில் கட்டணப் பக்கத்துக்குத் தேவையில்லாதவற்றை அகற்றுங்கள். மீதமுள்ளவற்றை உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கைத் தலைப்பில் (Content-Security-Policy, பக்கம் எந்தத் தளங்களோடு பேசலாம் என்று உலாவிக்குச் சொல்லும் சர்வர் அமைப்பு) பெயர் சொல்லி அனுமதித்து, மற்ற முகவரிகளை மூடுங்கள்.

பிறகு ஆர்டர் குறிப்புகள், பழைய மின்னஞ்சல்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள், தொலைபேசி அழைப்புப் பதிவுகள் ஆகியவற்றில் முழுக் கார்டு எண் எங்காவது கிடக்கிறதா என்று தேடுங்கள். தொலைபேசியில் ஆர்டர் எடுக்கும் ஊழியர் வசதிக்காகக் குறிப்பில் எழுதி வைத்திருப்பார். எவ்வளவு சொன்னாலும் இது நடக்கும். முதல் 6, கடைசி 4 இலக்கங்களைத் தவிர மற்றவற்றை அழித்துவிட்டு, அந்த ஊழியருக்குக் கட்டண இணைப்பு அனுப்பும் வசதியை ஏற்படுத்திக் கொடுங்கள். எண்ணைக் கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போனால்தான் எழுதி வைப்பது நிற்கும்.